பிரேக்கைத்தான் மிதித்தேன்

என் கணவர் காலேப்பின் இடது கால் உடைந்ததற்கு நான்தான் காரணம் என்பது சித்தூரில் எங்கள் சபையில் இருக்கும் நூற்றெண்பது குடும்பத்துக்கும் தெரியும். யாரோ புரளி கிளப்பித் தெரிந்ததல்ல. அவரே ஆராதனையில் எழுந்துபோய், மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

கால் உடைந்தது ஜனவரியில். எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. கேட்டைத் திறந்தால் ஒரு சரிவு, சரிவு முடிந்தால் சிமெண்டு போட்ட முற்றம், முற்றத்தின் கடைசியில் துணி துவைக்கிற கல், அதற்குப் பின்னால் சுவர். நான் காரை உள்ளே விடும்போதெல்லாம் காலேப் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டி, "வா, வா, இன்னும் வா" என்பார். நான் கார் ஓட்டக் கற்று நான்கு வருடமாகிறது. எனக்கு அந்தக் கையாட்டல் தேவையே இல்லை. ஆனாலும் நிற்பார். அதில் அவருக்கு ஒரு திருப்தி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கும் நின்றார். நானும் வழக்கம்போல மெல்ல இறங்கி, அவருக்கு நான்கடி முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் கீழே போகவில்லை. கல்லை மிதித்த மாதிரி அப்படியே நின்றது. ஐயோ என்று இன்னும் பலமாக அழுத்துவதற்குள் அவருடைய கால் பம்பருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் இரண்டாவது யோசனை செய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேனை எடுத்தார், நேராகப் புத்தூர். வழி முழுக்கக் காலேப்பின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பிரேக்கத்தாங்க மிதிச்சேன். கல்லாட்டம் நின்னுக்கிச்சிங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆக்சிலேட்டர மிதிச்சிருப்ப. வுடுமே" என்றார். புத்தூரில் எலும்பை இழுத்துச் சேர்த்து, பச்சிலை வைத்து, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். நல்லபடியாகக் கூடிவிட்டது. ஆனால் அந்த "ஆக்சிலேட்டர்" மட்டும் அவர் வாயிலிருந்து இறங்கவில்லை.

மெக்கானிக் சிரஞ்சீவியை வரச்சொல்லி வண்டியைக் காட்டினேன். அவன் எஞ்சினைப் போட்டுப் பத்து முறை பிரேக்கை மிதித்தான். பத்து முறையும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. "பிரேக்கு பக்காவா கீதுக்கா. பதட்டத்துல கால் மாறிக்கும். லேடீஸுக்கு சகஜம்" என்றான். லேடீஸுக்குச் சகஜமாம்! காபி கொடுப்பதாக இருந்தேன், கொடுக்கவில்லை.

மார்ச்சில் காலேப் கைத்தடியோடு ஆலயத்துக்கு வந்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்திலிருந்து தப்பியவர்கள் பிரசங்கத்துக்கு முன்னால் எழுந்து வந்து சாட்சி சொல்ல வேண்டும், சபை முழுவதும் ஆமென் சொல்ல வேண்டும். அவர் நொண்டி நொண்டிப் போய் மைக்கைப் பிடித்தார்.

"என் மனைவி பிரேக்குன்னு நெனச்சி ஆக்சிலேட்டர மிதிச்சிட்டாங்க. ஆனா ஆண்டவர் என் உசுர காப்பாத்துனாரு. அவங்கள நான் மனப்பூர்வமா மன்னிச்சிட்டேன்."

சபை ஆமென் சொன்னது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் ஆமென் சொன்னேன். வேறென்ன செய்வது? எழுந்து நின்று இல்லை என்றால், கடவுள் செய்த உபகாரத்தையே மறுத்தவளாக ஆகிவிடுவேன். சாட்சியாக ஒன்று மைக்கில் ஏறிவிட்டால் அதைக் கீழே இறக்க எங்கள் சபையில் வழியே கிடையாது.

அன்றிலிருந்து எனக்கு ஆக்சிலேட்டர் அக்கா என்று பெயர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கிச் சிரித்தன. பெண்கள் ஐக்கியத்தில் விருந்துக்குச் சமைக்கும்போது, என் கூடப் படித்த தபீதாள், "ஏ ஹன்னா, தேங்காய்னு நெனச்சி வெரல துருவிடப் போற, பாத்து" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கிண்டலையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாளாக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை. நான் தபால் ஆபீசில் கவுண்டரில் வேலை செய்கிறவள். கை பார்சலை எடை போட்டுக்கொண்டிருக்கும், மேசைக்கடியில் வலது கால் மட்டும் இங்குமங்கும் நகர்ந்துகொண்டிருக்கும். இது பிரேக், இது ஆக்சிலேட்டர். அன்றைக்கு எங்கே வைத்தேன்? பிரேக்கில்தானே வைத்தேன்? சத்தியம் செய்யச் சொன்னால் ஜனவரியில் செய்திருப்பேன். ஜூன் மாதத்தில் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

ஸ்டியரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டேன். வண்டி சும்மா நின்றது. அப்போது எங்கள் ஒரே மகள் அபிகாயில் திருப்பதியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள், புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தாள். "நான் எடுத்துக்கினு போறேன் நைனா" என்று அப்பாவிடம் கேட்டாள். நானே சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் காலை நம்பாமல் அந்த வண்டியை என் பிள்ளையிடம் கொடுத்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணி. தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்த சுரேஷ்பாபு என் கவுண்டருக்கு வந்தார். "மேடம், மீக்கே லெட்டர்" என்று ஒரு நீளக் கவரை நீட்டினார். இருபது வருடமாக ஊர்க் கடிதங்களையெல்லாம் கையாளுகிறேன், எனக்கென்று ஒரு கடிதம் வந்து எத்தனையோ காலமாயிற்று. கவரில் அச்சடித்திருந்த பெயர் தாமோதரன், நகரி. அதை அடித்துவிட்டுப் பேனாவால் "ஹன்னா அம்மா, போஸ்ட் ஆபீஸ், சித்தூர்" என்று எழுதியிருந்தது. கவர் முழுக்க நூல் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் தாமோதரனிடம்தான் அந்தக் காரை இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினோம். பெயரெல்லாம் முறையாக மாற்றியாயிற்று, ஆனால் கார் கம்பெனியின் கணக்கில் அவர் விலாசமே இருந்திருக்கிறது. கவருக்குள் அவர் ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருந்தார். "அம்மா, இது வந்து ஒரு மாசம் ஆவுது. விளம்பரம்னு நெனச்சி தறி மேல போட்டுட்டேன். இன்னிக்கி சும்மா பிரிச்சிப் பாத்தேன். பிரேக்குன்னு போட்டுக்கீது. ஒடனே பாருங்க."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. குறிப்பிட்ட சில மாதங்களில் தயாரான கார்களைப் பாதுகாப்புக் காரணமாகத் திரும்ப அழைக்கிறார்களாம். பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் என்ற பாகத்துக்குப் போகிற குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கிறதாம். அது சில வண்டிகளில் சில நேரங்களில் வேலை செய்யாமல் போகலாமாம். அப்போது பிரேக் பெடல் இறுகிவிடும், வண்டியை நிறுத்த வழக்கத்தைவிடப் பல மடங்கு பலமும் தூரமும் வேண்டியிருக்கும், முக்கியமாக இறக்கங்களில் கவனம் தேவை. அருகிலுள்ள சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்.

பெடல் இறுகிவிடும். கல் என்று அவர்கள் எழுதவில்லை. ஆனால் அதேதான்! கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஸ்பீடு போஸ்டுக்கு நின்றிருந்த பெரியவரிடம், "பிரேக்கைத்தான் மிதிச்சேன் சார்!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் ஓரடி பின்னால் போனார்.

அந்தச் சந்தோஷம் பத்து நொடிகூட நிற்கவில்லை. முக்கியமாக இறக்கங்களில் என்ற வரி திரும்பக் கண்ணில் பட்டது. அபிகாயில் காலையில்தான் போன் செய்திருந்தாள். தோழி அகிலாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு தலக்கோணா அருவிக்குப் போகிறாளாம், மதியம் திரும்பிவிடுவாளாம். திருப்பதியிலிருந்து தலக்கோணா போக வேண்டுமானால் பாகராபேட்டை கணவாயில் ஏற வேண்டும். திரும்பும்போது அதே கணவாயில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் லாரிகள்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அகிலாவுக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. காட்டுக்குள் சிக்னல் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் இரண்டு எண்ணையும் மாற்றி மாற்றி அழுத்தினேன்.

"ஏமைந்தி மேடம்?" என்று, என்ன ஆயிற்றெனக் கேட்டார் சுரேஷ்பாபு. கடிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மனிதர் ஒரு நிமிடம்தான் யோசித்தார். "மேடம், அக்கட மன பிராஞ்ச் ஆபீஸ் உந்தி கதா?" என்றார், அங்கே நம் கிளை ஆபீஸ் இருக்கிறதே என்று.

இருந்தது. எந்தக் காடானாலும் எந்த மலையானாலும் எங்கள் கிளை அஞ்சலகம் ஒன்று இருக்கும், அதில் ஒரு போஸ்ட்மாஸ்டர் இருப்பார். போலீசைக் கூப்பிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். சுரேஷ்பாபு திருப்பதி ஆபீசுக்குப் போன் செய்தார், அவர்கள் இன்னொருவருக்குச் செய்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் ஊரின் போஸ்ட்மாஸ்டர் துர்காதேவியின் நம்பர் என் கையில் இருந்தது.

முன்பின் பார்த்திராத பெண். தெலுங்கில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் கார், பின் கண்ணாடியில் புறா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே நான்கு பெண்கள், பிரேக் பழுது, கீழே இறங்க விடாதீர்கள். அவர் குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டார்.

"புறா எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. பின்கோடு இல்லாமலே தபால் சேர்க்கிறோம், புறா ஒட்டின காரைப் பிடிக்க முடியாதா?" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஆபீசைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினார் என்று பிறகு தெரிந்தது.

நாற்பது நிமிடம். அதை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். ஜெபம் செய்தேன், நடுவில் காலேப்பைத் திட்டினேன், மறுபடி ஜெபம் செய்தேன். ஆக்சிலேட்டர் என்று அந்த மனிதர் சாதிக்காமல் இருந்திருந்தால், நான் சொன்னதை ஒரே ஒருவராவது நம்பியிருந்தால், அந்த வண்டியை ஒழுங்கான இடத்தில் காட்டியிருப்போமே. யார் நம்பினார்கள்? கடைசியில் நானே நம்பவில்லையே.

பதினொன்று நாற்பதுக்குத் துர்காதேவியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அபிகாயில் குரல்.

"அம்மா, யாரும்மா இந்த மேடம்? வனத்துறை செக்போஸ்ட்ல ஸ்கூட்டிய குறுக்க நிறுத்திக்கினு, எறங்கு எறங்குன்றாங்க. நாங்க இப்பதான் கெளம்பி வந்துக்கினு இருந்தோம்."

"எறங்குடி! வண்டிய தொடாத!" என்றேன். தபால் ஆபீஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, காலைல கணவாய் ஏறசொல்லோ ரெண்டு வாட்டி பெடல் எறங்கவே இல்லம்மா. கல்லாட்டம் ஆயிடிச்சி. மேடுன்றதால வண்டி தானா நின்னுடிச்சி. நான் புது ஷூ சரியில்லன்னு நெனச்சிக்கினேன்."

கல்லாட்டம் என்றாள். நான் சொன்ன அதே வார்த்தை. அவளும் வண்டியைச் சந்தேகப்படவில்லை, தன் ஷூவைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஏற்றத்தில் வண்டி தானாக நின்றது, இறக்கத்தில் எப்படி நின்றிருக்கும்? நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுரேஷ்பாபு தண்ணீர் கொண்டுவந்தார். "மீரு வெள்ளண்டி மேடம், கவுண்டர் நேனு சூஸ்குண்டா" என்று, கவுண்டரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பையையும் எடுத்துக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். சேஸி நம்பரைக் கேட்டார்கள், ஆமாம், உங்கள் வண்டியும் பட்டியலில் இருக்கிறது என்றார்கள். வண்டியைத் தூக்கிவர லாரி அனுப்புவதாகவும் சொன்னார்கள். நான் பஸ் பிடித்தேன்.

திருப்பதி சர்வீஸ் சென்டருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டேகால். கார் லாரி முதுகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தோழிகளை அனுப்பிவிட்டு அபிகாயில் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓடிப்போய் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தேன், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டேன். "என்ன ஏன்மா அடிக்கிற?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

வண்டியைப் பார்த்த டெக்னீஷியன் பெயர் தரணி, சத்தியவேட்டுக்காரர், தமிழ் பேசினார். பானெட்டைத் திறந்து ஒரு குழாயைக் கழற்றி, அதிலிருந்து கட்டைவிரல் அளவு கறுப்புப் பிளாஸ்டிக் ஒன்றை எடுத்தார்.

"இதாம்மா அந்த வால்வு. காத்து ஒரு பக்கமாத்தான் போவணும். திரும்பி வரக்கூடாது. அப்பதான் பிரேக்கு லேசா எறங்கும்" என்றவர் முதலில் புது வால்வைத் துடைத்துக் கொடுத்தார். "ஊதிப் பாருங்க."

ஊதினேன். ஒரு பக்கம் காற்று போயிற்று. திருப்பி ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம், போகவில்லை. பிறகு எங்கள் பழைய வால்வைக் கொடுத்தார். ஒரு பக்கம் ஊதினேன், போயிற்று. திருப்பி ஊதினேன், அதுவும் போயிற்று. ஜனவரி தொடங்கி நான் தேடிக்கொண்டிருந்த பதில் புஸ்ஸென்று என் உள்ளங்கையில் பட்டது.

அவரிடம் அந்தப் பழைய கதை முழுவதையும் கொட்டினேன். சரிவு, நான்கடி, துவைக்கிற கல், சாட்சி, ஆமென், எதையும் விடவில்லை. தரணி பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கும் இதாலதான்னு நான் எழுதித் தர முடியாதும்மா. இது சில சமயம் அடைக்கும், சில சமயம் வுட்டுடும். அதான் உங்க மெக்கானிக்குக்கு மாட்டல. ஆனா ஒண்ணு. பெடல் கல்லாயிடிச்சின்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க இல்ல?"

"அன்னிக்கே சொன்னேன். வேன்ல வச்சே சொன்னேன்."

"அப்ப அது ஆக்சிலேட்டர் இல்ல. ஆக்சிலேட்டரு என்னிக்கும் கல்லாவாதும்மா. மிதிச்சா உள்ள போவும். கல்லாவறது பிரேக்கு மட்டுந்தான்."

அடக் கடவுளே! இவ்வளவுதான் விஷயம். இந்தச் சின்ன நியாயம் ஆறு மாதமாக எனக்கோ, காலேப்புக்கோ, காபி கிடைக்காத அந்தச் சிரஞ்சீவிக்கோ தோன்றவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மேசைக்கடியில் அலைந்துகொண்டிருந்த வலது காலைப் பார்த்தேன். பாவம், எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறது. கொஞ்சம் தடவிக் கொடுத்தேன்.

"இத நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன்" என்று வால்வை மடக்கிப் பிடித்தேன்.

"முடியாதும்மா. பழைய பார்ட்ட கம்பெனிக்கு திருப்பி அனுப்பணும். அஞ்சரைக்கு சீல் வச்சிடுவோம்."

"அதுவரைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

உடனே காலேப்புக்குப் போன் போட்டேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் அவருடைய நோட்டுப் புத்தகக் கடை. காலையிலேயே விஷயத்தை அரைகுறையாகச் சொல்லியிருந்தேன், பெண் பத்திரம் என்றதும் அழுதார். இப்போது, "கடைய சாத்திட்டு திருப்பதி பஸ் ஏறுங்க" என்றேன்.

"எதுக்குமே? எல்லாம் சரியாயிடிச்சி இல்ல? இந்தக் கால வச்சிக்கினு..."

"ஒரே ஒரு வாட்டி ஊதறதுக்கு."

"இன்னா ஊதறது?"

"வாங்க சொல்றேன். அஞ்சரைக்குள்ள வரணும். வரலன்னா நாளைக்கி நான் மைக்கு புடிப்பேன்."

ஐந்து மணிக்குக் கைத்தடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். முதலில் மகளின் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வால்வையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். தரணி விளக்கினார். காலேப் புதியதை ஊதினார், திருப்பி ஊதினார். பழையதை ஊதினார், திருப்பி ஊதினார். மறுபடியும் பழையதை ஊதினார். நான்கைந்து முறை இருக்கும். பிறகு தரணி அந்த ஆக்சிலேட்டர் நியாயத்தைச் சொன்னார். தரணி வால்வைத் திரும்ப வாங்கி ஒரு பையில் போட்டு, சீட்டு ஒட்டி மூடினார்.

புது வால்வு போட்டு, தரணி தானே ஓட்டிச் சோதித்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அபிகாயில் ஓட்ட, காலேப் அவள் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்து வந்தேன். சந்திரகிரியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"மன்னிச்சிட்டேன்னு வேற சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க" என்றேன். "மைக்குல."

அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சமாதானம் சொல்லவில்லை. இவ்வளவு நாள் நான் சுமந்த பழியை ஒரே ஒரு ராத்திரி அவரும் சுமக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. பாஸ்டர் ஆசிர் ஐயா, "சாட்சி சொல்ல விரும்புறவங்க வரலாம்" என்றார். காலேப் எழுந்தார். கைத்தடி டக் டக்கென்று நடுவழி முழுக்கச் சத்தம் போட்டது. என்ன சொல்லப்போகிறார் என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. பெண் தப்பித்தாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அபிகாயில் தப்பித்ததைத்தான் முதலில் சொன்னார். தாமோதரன் அனுப்பிய கடிதத்தையும், ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்திய துர்காதேவியையும் சொன்னார். பிறகு மைக்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மார்ச் மாசம் இதே எடத்துல நின்னு, என் மனைவி ஆக்சிலேட்டர மிதிச்சாங்கன்னு சொன்னேன். அது பொய். தெரிஞ்சி சொன்ன பொய் இல்ல, ஆனா பொய்தான். அவங்க பிரேக்கத்தான் மிதிச்சாங்க. அன்னிக்கே எங்கிட்ட சொன்னாங்க, நான் கேக்கல. நான் கேக்காததாலதான் எம்பொண்ணு நேத்து மலைல நின்னா. கம்பெனிக்காரன் பழுதான பார்ட்ட திரும்ப வாங்கிக்கினான். நான் சொன்ன சாட்சிய நானும் திரும்ப வாங்கிக்கிறேன். அவங்கள மன்னிச்சிட்டேன்னு சொன்னேன் பாருங்க, அதையும் வாங்கிக்கிறேன். அவங்கதான் என்ன மன்னிக்கணும்."

இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு சாட்சியை அவர்கள் கேட்டதே இல்லை. கடைசியில், என் பின்வரிசையிலிருந்து தபீதாள்தான், "ஆமென்!" என்று கூரை அதிரச் சொன்னாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அபிகாயில் சாவியை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தபீதாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "எடுத்துக்கினு போ ஹன்னா, வழில நாங்க ஒதுங்கிக்கிறோம்" என்றாள். அந்தக் கொழுப்பு மட்டும் குறையவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வீட்டு கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். அபிகாயில் இறங்கிக் கேட்டைத் திறந்தாள். காலேப்பும் இறங்கினார். கைத்தடியை ஊன்றிச் சரிவில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, துவைக்கிற கல்லுக்கு முன்னால் அதே இடத்தில் போய் நின்று என் பக்கம் திரும்பினார்.

கண்ணாடியை இறக்கி, "பைத்தியமா உங்களுக்கு? தள்ளுங்க அந்தாண்ட!" என்று கத்தினேன்.

அவர் தள்ளவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். "வா" என்றார்.

"தள்ளுங்கன்றேன்!"

"வா, வா. இன்னும் வா."

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை. சரிவில் மெல்ல இறங்கினேன். வலது கால் இந்த முறை அலையவில்லை. அவருக்கு நான்கடி முன்னால் மிதித்தேன். பெடல் பதமாகக் கீழே இறங்கியது, வண்டி நின்றது. காலேப் கையை இறக்கவேயில்லை, சிரித்துக்கொண்டே இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கும் சேர்த்து அழுதேன்.